மூடிய ஓட்டுக்குள் பைருவேட் கைனேஸ்: கடல் சிப்பியில் ஒரு நொதியின் கட்டுப்பாட்டை அளந்தறியப் புதியவர்களுக்கான வழிகாட்டி

வட அட்லாண்டிக் கரையோரப் பாறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டி வாழும் நீல மசல் சிப்பி, ஓதம் இறங்கியதும் தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே தங்கிய சிறிதளவு நீரிலுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. ஆனாலும் சிப்பி சாவதில்லை. அடுத்த ஓதம் ஏறும்வரை மட்டுமல்ல, குளிர்ந்த நீரில் பல நாட்கள் வரையிலும் ஆக்சிஜன் இல்லாமல் அது தாக்குப்பிடிக்கிறது. இதற்குத் தேவையான எரிபொருளான கிளைக்கோஜன் திசுக்களில் நிறையவே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்த வேகத்தில், எந்தப் பாதையில் செலவாகிறது என்பதே இங்கு முக்கியமானது. அந்த வேகத்தையும் பாதையையும் முடிவுசெய்யும் நொதிகளில் ஒன்று பைருவேட் கைனேஸ். உயிர்வேதியியல் அல்லது கடல் உயிரியல் படித்து, இந்த நொதியின் கட்டுப்பாட்டை முதன்முறையாகத் தம் கையால் அளக்கப்போகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சிப்பிகளில் ஆக்சிஜன் இல்லாத நிலையில் முதன்மையாக மாறுவது நொதியின் அளவன்று, அதன் நிலை. அதே புரதம் அதே எண்ணிக்கையில் இருக்கும்போதே, தன் வினைபொருளைப் பற்றும் திறனில் அது பெரிதும் மாறிவிடுகிறது. எனவே வினைபொருளைத் தாராளமாக ஊற்றி உச்சச் செயல்பாட்டை மட்டும் அளப்பவருக்கு, நடந்த மாற்றத்தின் பெரும்பகுதி கண்ணில் படாமலே போகலாம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கிறது.

பாதை பிரியும் இடம்

கிளைக்கோஜன் உடைந்து, சர்க்கரைச் சிதைவுப் பாதை வழியாக பாஸ்போஈனால்பைருவேட் என்னும் மூலக்கூறு வரை வந்து சேர்கிறது. இதை இனி பிஇபி என்று சுருக்கமாகக் குறிப்பிடுவோம். ஆக்சிஜன் கிடைக்கும்போது பைருவேட் கைனேஸ், பிஇபியின் பாஸ்பேட்டை அடினோசின் இருபாஸ்பேட்டுக்கு மாற்றி, செல்லின் ஆற்றல் நாணயமான அடினோசின் முப்பாஸ்பேட்டையும் பைருவேட்டையும் தருகிறது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று முழுமையாக எரிகிறது. ஆக்சிஜன் நீண்ட நேரம் இல்லாதபோது, அதே பிஇபியை பிஇபி கார்பாக்ஸிகைனேஸ் என்னும் மற்றொரு நொதி எடுத்துக்கொள்கிறது. அது கரியமில வாயுவைச் சேர்த்து ஆக்சலோஅசிடேட்டை உண்டாக்க, அது மாலேட், ஃபியூமரேட் வழியாகச் சக்சினேட்டாகவும், காலம் நீண்டால் புரோப்பியோனேட்டாகவும் முடிகிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் தசை லாக்டேட்டில் முடித்துக்கொண்டு, கிளைக்கோஜனின் ஒரு குளுக்கோஸ் அலகுக்கு 3 முப்பாஸ்பேட் மட்டுமே பெறுகிறது. சக்சினேட் பாதையில் அதைவிடக் கூடுதலாகவும், புரோப்பியோனேட் பாதையில் இன்னும் கூடுதலாகவும் கிடைக்கிறது. இத்துடன் உடலின் ஒட்டுமொத்த ஆற்றல் செலவும் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுவதால், கையிருப்பு நெடுநேரம் தாங்குகிறது.

ஓடு மூடிய உடனேயே இந்த மாற்றம் நிகழ்ந்துவிடுவதாகக் கருதக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் பைருவேட் கைனேஸ் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதில் உண்டாகும் பைருவேட், அலனினாகவும், அமினோ அமிலங்களோடு இணைந்து ஆக்டோப்பின், ஸ்ட்ராம்பின், அலனோப்பின் போன்ற சேர்மங்களாகவும் மாறுகிறது. சக்சினேட்டுக்கான கரிமத்தை அப்போது பெருமளவில் அஸ்பார்ட்டேட் தருகிறது. அதன் பிறகே பைருவேட் கைனேஸ் படிப்படியாக அடங்குகிறது. ஆகவே, சோதனைக்கு ஒரே ஒரு நேரப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் கதையின் நடுப்பக்கம் ஒன்றை மட்டும் படித்தவராவீர்கள்.

இந்த நொதியை மூன்று வகைச் சக்திகள் கட்டுப்படுத்துகின்றன. பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் அதைத் தூண்டுகிறது. அலனினும் அடினோசின் முப்பாஸ்பேட்டும் அதைத் தடுக்கின்றன, செல்லின் பி.எச். சற்றே இறங்குவதும் தடுப்பின் பக்கமே சாய்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹோல்வெர்டாவும் டி ஸ்வானும் நீல மசலின் தசை நொதியில் இந்த அலோஸ்டெரிக் பண்புகளை, அதாவது சிறு மூலக்கூறுகள் வினைமையத்துக்கு வெளியே ஒட்டி நொதியைத் தூண்டும் அல்லது தடுக்கும் பண்புகளை, 1973-இலேயே விவரித்தனர். மூன்றாவது சக்தி, நொதியின் மீதே நேரடியாக ஏறும் பாஸ்பேட். மசலின் பைருவேட் கைனேஸ் பாஸ்பேட் ஏற்றத்தாலும் நீக்கத்தாலும் கட்டுப்படுகிறது என்பதை சீபெனாலர் 1979-இல் எடுத்துக்காட்டினார். 1984-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாக்ஸ்டனும் ஸ்டோரியும், வட அமெரிக்க அட்லாண்டிக் கரையில் வாழும் பூசிகாட்டிபஸ் என்னும் பெரிய கடல் நத்தையின் செந்தசையிலிருந்து, ஆக்சிஜன் உள்ள நிலை, இல்லாத நிலை ஆகிய இரண்டுக்கும் உரிய நொதி வடிவங்களைத் தூய்மைப்படுத்தினர். கதிரியக்கப் பாஸ்பரஸை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தி, ஆக்சிஜன் இல்லாதபோது அது நொதியின் மேல் ஏறுவதையும் காட்டினர்.

பாடநூலில் படித்ததை அப்படியே கொண்டுவந்தால் இங்கு இடறி விழ நேரும். பாலூட்டிகளில் கல்லீரல் வகைப் பைருவேட் கைனேஸ்தான் பாஸ்பேட் ஏறி அடங்குவது. தசை வகை ஏறத்தாழ எந்தக் கட்டுப்பாடும் இன்றி ஓடுவது. சிப்பியிலோ தசையின் நொதியே அலோஸ்டெரிக் கட்டுப்பாட்டுக்கும் பாஸ்பேட் கட்டுப்பாட்டுக்கும் ஒருசேர உட்படுகிறது. தசைதானே, உச்சச் செயல்பாடு தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதல் படி: விலங்குகளைத் தேர்ந்து பழக்குதல்

ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்த, ஓட்டின் நீளம் ஏறத்தாழ ஒத்த சிப்பிகளையே பயன்படுத்த வேண்டும். பாறையிலிருந்து எடுக்கும்போது, சிப்பி ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் பைசஸ் இழைகளைப் பிடித்து இழுக்காமல் கத்தரித்து எடுப்பது நல்லது; இழுத்தால் உள்ளிருக்கும் பாதத் திசு கிழிந்து, விலங்கு மெல்ல நலிந்துவிடும். ஆய்வகத் தொட்டியில் பிடிபட்ட இடத்தின் உப்புத்தன்மையும் வெப்பநிலையும் கொண்ட, காற்றூட்டிய கடல்நீரில் ஒரு வாரமாவது பழக விடுங்கள். தொட்டால் ஓட்டை மூடாத சிப்பியை எக்காரணம் கொண்டும் சோதனையில் சேர்க்காதீர்கள்.

எந்த மாதத்தில் பிடித்தோம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மசலின் மேலுறைத் திசு, உணவு மிகுந்த பருவத்தில் கிளைக்கோஜனைச் சேமித்து, இனப்பெருக்கச் செல்கள் உருவாகும் பருவத்தில் அதைச் செலவழிக்கிறது. ஸ்பெயின் நாட்டின் கலீசியக் கடற்கழிகளில் மிதவைகளில் வளர்க்கப்படும் மத்தியதரைக்கடல் மசலில் இந்தப் பருவச் சுழற்சி நன்கு ஆராயப்பட்டது. மேலுறையில் அளந்த கோடைக்கால எண்ணையும் குளிர்கால எண்ணையும் அருகருகே வைத்து ஆக்சிஜனின் விளைவு என்று பேசுவது பொருந்தாது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, பின்புற மூடுதசையில் தொடங்குவதுதான்: அது ஒரே சீரான திசு, வெட்டி எடுக்க எளிது, இனப்பெருக்கச் செல்கள் அதில் கலப்பதில்லை, நொதியும் போதிய அளவு இருக்கிறது.

இரண்டாம் படி: ஆக்சிஜனை விலக்குதல்

இதற்கு இரு வழிகள் உண்டு. சிப்பிகளை ஈரமான காற்றில் வெளியே வைத்துவிடுவது இயற்கையைப் போன்றது. ஆனால் ஒவ்வொரு சிப்பியும் எவ்வளவு நேரம் ஓட்டைச் சற்றே திறந்து மூடியது என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. கடல்நீரில் நைட்ரஜனைக் குமிழவிட்டு, மூடிய கலனில் வைப்பது தெளிவான விடை தரும் வழி. சிப்பிகளை இடுவதற்கு முன்பே நீரில் நைட்ரஜனைச் செலுத்தி, ஆக்சிஜன் மின்முனையால் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கு எளிதில் கவனத்திலிருந்து தப்பும் ஒரு செய்தி இருக்கிறது. நைட்ரஜன் குமிழ்கள் ஆக்சிஜனை மட்டுமல்லாமல் நீரில் கரைந்த கரியமில வாயுவையும் வெளியேற்றுவதால், கடல்நீரின் பி.எச். மெல்ல ஏறும். பிஇபி கார்பாக்ஸிகைனேஸ் பாதை கரியமில வாயுவைக் கேட்கும் பாதை என்பதையும், நாம் அளக்கும் நொதி பி.எச். மாற்றத்துக்கு உடனே முகம் திருப்பும் நொதி என்பதையும் நினைத்தால், இது சிறிய விஷயமன்று. சிறிதளவு கரியமில வாயு கலந்த நைட்ரஜனைப் பயன்படுத்தலாம். அது கிடைக்காவிட்டால், பி.எச். அளவைத் தொடர்ந்து கண்காணித்துத் திருத்தலாம்.

கட்டுப்பாட்டுக் குழுவும் அதே வகைக் கலனில், அதே எண்ணிக்கையில், ஆனால் காற்று குமிழும் நீரில் இருக்க வேண்டும். நேரப்புள்ளிகளாக 0, 6, 12, 24, 48 மணி என்று வைத்துக்கொள்வது தொடக்கத்துக்குப் போதும். நாட்கணக்கில் நீட்டினால், ஆக்சிஜன் இல்லாத நீரில் பாக்டீரியாக்கள் பெருகிச் சல்ஃபைடை உண்டாக்கக்கூடும். அதன் விளைவை ஆக்சிஜன் இன்மையின் விளைவிலிருந்து பிரிக்க முடியாது. மூடிய சிற்றறையில் நைட்ரஜனைத் திறந்துவிட்டு வேலை செய்யக் கூடாது என்பது உங்கள் உயிருக்கான எச்சரிக்கை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது முன்னறிவிப்பின்றி மயக்கமடையச் செய்யும்.

மூன்றாம் படி: நிலையை உறைய வைத்தல்

பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ்களும் இறக்கும் பாஸ்படேஸ்களும், நீங்கள் ஓட்டைப் பிளந்த பிறகும் திசுவில் வேலை செய்துகொண்டே இருக்கும். எனவே கத்தியை நுழைத்த நொடியிலிருந்து திசு திரவ நைட்ரஜனில் விழும் நொடி வரையான இடைவெளியை இயன்றவரை சுருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாத குழுவை ஒட்டுமொத்தமாக வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்டுவது கூடாது. ஒன்றை எடுத்து, வெட்டி, உறையவைத்த பிறகே அடுத்ததைக் கலனிலிருந்து எடுக்க வேண்டும். சோதனைக்கு வராத சிப்பிகளில் முன்கூட்டியே வெட்டிப் பழகிக்கொள்வது பயனளிக்கும். உறைந்த திசுவை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். சாதாரண உறைபெட்டியை நம்ப வேண்டாம்.

நான்காம் படி: சாறெடுத்தல்

உறைந்த தசையைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த உரலில் பொடித்து, உருகவிடாமல், பனிக்குளிர்ந்த தாங்கல் கரைசலில் இட்டு அரைக்க வேண்டும். ஒரு கிராம் திசுவுக்கு 9 மில்லிலிட்டர் கரைசல் என்ற விகிதம் கணக்குக்கும் வசதியானது. கரைசலில் 50 மில்லிமோலார் இமிடசோல், பி.எச். 7.0 அளவில், அடிப்படையாக இருக்கட்டும். அதில் சேர்ப்பவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சோடியம் ஃபுளோரைடு, 50 முதல் 100 மில்லிமோலார் வரை, பாஸ்படேஸ்களை நிறுத்துகிறது. இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதால் கைனேஸ்கள் நிற்கின்றன. இஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கிறது. பீட்டா-மெர்காப்டோஎத்தனால் நொதியின் கந்தகத் தொகுதிகளைக் காக்கிறது. புரதம் வெட்டும் நொதிகளைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் நீரில் விரைவில் சிதைவதால், அதை அரைப்பதற்குச் சற்று முன்பே சேர்க்க வேண்டும். இவற்றுள் சோடியம் ஃபுளோரைடும் பிஎம்எஸ்எஃப்பும் நச்சுப் பொருள்கள். கையுறை இல்லாமலும், வாயு உறிஞ்சும் பெட்டி இல்லாமலும் எடைபோடாதீர்கள். அரைத்ததை 4 டிகிரியில், 15,000 முதல் 20,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் மையவிலக்கிச் சுழற்றி, மேல்தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் சாறு தயாராகிவிட்டதாக எண்ணிப் பலரும் அளவீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிப்பியைப் பொறுத்தவரை அது தவறு. கடல்நீரின் உப்பழுத்தத்துக்கு ஈடுகொடுக்க, மசலின் செல்கள் டாரின், கிளைசின், அலனின் போன்ற கட்டற்ற அமினோ அமிலங்களைப் பெருமளவில் நிரப்பி வைத்துக்கொள்கின்றன. அலனின்தான் நாம் அளக்கவிருக்கும் நொதியின் தடுப்பான். அதுமட்டுமன்றி, ஆக்சிஜன் இல்லாதபோது அலனின் மேலும் கூடுகிறது. ஆகவே சாற்றை அப்படியே அளந்தால், ஆக்சிஜன் இல்லாத சிப்பியின் நொதி அடங்கியிருப்பதாகத் தோன்றும். ஆனால் அது நொதியின் நிலை மாறியதாலா, குழாயில் அலனின் கூடுதலாக வந்ததாலா என்று சொல்ல இயலாது. தூண்டியான பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட்டும் இதேபோல் சாற்றோடு வந்துவிடும். அது எதிர்த்திசையில் ஏமாற்றும்.

இதைத் தவிர்க்க, செஃபடெக்ஸ் ஜி-25 போன்ற களிமம் நிரப்பிய சிறிய குழலில் சாற்றைச் செலுத்தி, சிறு மூலக்கூறுகளை நீக்க வேண்டும். குழலையும் ஃபுளோரைடும் இடிடிஏவும் அடங்கிய அதே கரைசலால் முன்பே கழுவி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலனினோடு சேர்ந்து பாஸ்படேஸ் தடுப்பானும் நீங்கி, பாஸ்பேட் ஏறிய நொதி உங்கள் பனிப்பெட்டியிலேயே மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு படியைச் சரியாகச் செய்கிறவருக்கு மீதமுள்ளவை பெரும்பாலும் வழக்கமான ஆய்வக வேலையே.

ஐந்தாம் படி: அளவீடு

பைருவேட் கைனேஸின் விளைபொருளான பைருவேட்டை நேரடியாகப் பார்ப்பதற்குப் பதிலாக, லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியைத் தாராளமாகச் சேர்த்து, அது பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது செலவாகும் என்ஏடிஎச் மூலக்கூறைப் பின்தொடர்கிறோம். என்ஏடிஎச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். செலவானால் உறிஞ்சல் குறையும். ஒரு பைருவேட்டுக்கு ஒரு என்ஏடிஎச் என்பதால் கணக்கு நேரானது.

ஒரு மில்லிலிட்டர் குவெட்டில், 50 மில்லிமோலார் இமிடசோல் பி.எச். 7.0, 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் அடினோசின் இருபாஸ்பேட், 0.15 மில்லிமோலார் என்ஏடிஎச், லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் சில அலகுகள், பிறகு நீங்கள் விரும்பும் செறிவில் பிஇபி என்று அமைக்கலாம். பொட்டாசியமும் மெக்னீசியமும் இல்லாமல் இந்த நொதி வேலை செய்யாது. கடையில் வாங்கும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் சில நேரம் அம்மோனியம் சல்ஃபேட்டில் மிதக்கும் குழம்பாக வரும். அம்மோனியம் அயனி பொட்டாசியத்தின் இடத்தில் நின்று நொதியைத் தூண்டக்கூடியது என்பதால், கிளிசரால் கரைசலாக வருவதை வாங்குவது நலம், அல்லது உப்பு நீக்கிப் பயன்படுத்த வேண்டும். வெப்பநிலையை 25 டிகிரி என்றோ 20 டிகிரி என்றோ ஒன்றைத் தேர்ந்து, கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

வெற்று அளவீடுகள் இரண்டு தேவை. பிஇபி இல்லாத குவெட், சாற்றில் வேறு காரணங்களால் என்ஏடிஎச் எவ்வளவு செலவாகிறது என்பதைச் சொல்லும். அடினோசின் இருபாஸ்பேட் இல்லாத குவெட், பைருவேட் கைனேஸின் உதவியின்றி பாஸ்படேஸ்கள் பிஇபியை உடைத்து உண்டாக்கும் பைருவேட்டைச் சொல்லும். இரண்டாவதே நேர்மையான வெற்றளவு. உண்மை வேகம் என்பது அதைக் கழித்த பின் எஞ்சுவது. சாற்றைச் சேர்க்காமல், வாங்கிய துணை நொதியை மட்டும் வைத்தும் ஒருமுறை பாருங்கள். அதில் பைருவேட் கைனேஸ் மாசாக ஒட்டிக்கொண்டு வருவது உண்டு.

சிப்பிச் சாற்றில் ஆக்டோப்பின், ஸ்ட்ராம்பின், அலனோப்பின் ஆகியவற்றை உண்டாக்கும் டிஹைட்ரோஜினேஸ்களும் இருக்குமே, அவை அளவீட்டைக் குலைக்காதா என்ற ஐயம் எழலாம். அவையும் ஒரு பைருவேட்டுக்கு ஒரு என்ஏடிஎச்தான் செலவழிக்கின்றன. ஆகையால் அவை குறுக்கிட்டாலும் விடை மாறாது.

இரண்டு சோதனைகளைக் கடந்த பிறகே எண்களை நம்புங்கள். சாற்றின் அளவை இரட்டித்தால் வேகம் இரட்டிக்க வேண்டும். துணை நொதியை இரட்டித்தால் வேகம் மாறவே கூடாது. மாறினால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது பைருவேட் கைனேஸை அன்று, துணை நொதியின் பற்றாக்குறையை. சாற்றை 10 மைக்ரோலிட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். அதிலுள்ள ஃபுளோரைடு குவெட்டின் மெக்னீசியத்தோடு சேர்ந்து கலங்கலை உண்டாக்கலாம், கலங்கல் 340 நானோமீட்டரில் உறிஞ்சல் உயர்வாகத் தோன்றி வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

கணக்கிடும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. வெற்றளவு கழித்த பின் உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.124 குறைந்ததாக வைத்துக்கொள்வோம். என்ஏடிஎச்சின் மில்லிமோலார் உறிஞ்சல் எண் 6.22. 0.124 ஐ 6.22 ஆல் வகுத்தால் 0.0199; குவெட்டின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டர் என்பதால் இது நிமிடத்துக்கு 0.0199 மைக்ரோமோல். சேர்த்த சாறு 0.010 மில்லிலிட்டர் என்றால், ஒரு மில்லிலிட்டர் சாற்றில் 1.99 அலகு (ஓர் அலகு என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல்). ஒரு கிராம் திசு ஏறத்தாழ 10 மில்லிலிட்டராக விரிந்திருப்பதால், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 20 அலகு. உப்பு நீக்கும் குழலில் சாறு நீர்த்துப்போயிருந்தால் அந்த விகிதத்தையும் பெருக்க வேண்டும். அல்லது புரத அளவுக்கு ஈடாகச் சொல்லிவிடலாம்.

ஆறாம் படி: கட்டுப்பாட்டைக் கண்ணுக்குக் கொண்டுவருதல்

இந்தப் படியில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. பிஇபியின் செறிவை 0.02 மில்லிமோலாரிலிருந்து 5 மில்லிமோலார் வரை எட்டு அல்லது பத்துப் புள்ளிகளாக மாற்றி, ஒவ்வொன்றிலும் வேகத்தை அளந்து வரைபடமிடுங்கள். காற்றூட்டிய நீரில் இருந்த சிப்பியின் சாற்றிலும் (இதைக் காற்று நிலைச் சாறு என்போம்), ஆக்சிஜன் இல்லாதிருந்த சிப்பியின் சாற்றிலும் இதைச் செய்யுங்கள். உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான பிஇபி செறிவே நீங்கள் தேடும் எண். கோடு தொடக்கத்தில் தயங்கிப் பின்னர் ஏறும் எஸ் வடிவில் இருந்தால் சாதாரண மைக்கேலிஸ் சமன்பாட்டில் பொருத்தக் கூடாது. ஹில் சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். நேர்க்கோடாக்கிப் படிக்கும் பழைய இரட்டைத் தலைகீழ் வரைபடத்தை இந்த நொதிக்குப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறைந்த செறிவில் வரும் சிறு பிழைகளை அது பெரிதாக்கிவிடும், நமக்கு முக்கியமான பகுதியும் அந்தக் குறைந்த செறிவுப் பகுதியேதான். உயிருள்ள திசுவில் பிஇபி மிகக் குறைந்த அளவிலேயே இருக்கிறது; 5 மில்லிமோலாரில் இரு சாறுகளும் ஒத்த வேகம் காட்டினாலும், செல்லுக்குள் அவை ஒத்தவை அல்ல.

அடுத்து, குறைந்த பிஇபியில் 0.1 மில்லிமோலார் பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் சேர்த்துப் பாருங்கள். எஸ் வடிவம் மறைந்து, கோடு உடனே ஏறத் தொடங்கும். தூண்டியின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து வந்தால், எந்த அளவில் பாதித் தூண்டல் கிடைக்கிறது என்பதும் தெரியும். பிறகு அலனினைச் சேர்த்து, வேகம் பாதியாகக் குறையும் செறிவைக் காணுங்கள். நத்தையின் நொதியில் பிளாக்ஸ்டனும் ஸ்டோரியும் கண்டது இதுவே: ஆக்சிஜன் இல்லாத நிலையின் நொதிக்கு பிஇபி மிகுதியாகத் தேவைப்படுகிறது, தூண்டியும் மிகுதியாகத் தேவைப்படுகிறது, அலனினோ மிகச் சிறிதளவே போதும். மூன்று மாற்றங்களும் ஒரே திசையில் இழுக்கின்றன. உங்கள் அளவீட்டில் ஒன்று மட்டும் மாறி மற்றவை மாறாதிருந்தால், நொதியைப் பற்றி முடிவெடுக்குமுன் உப்பு நீக்கும் படியை மறுபடி சரிபார்ப்பது விவேகம்.

நேரமும் வினைபொருளும் குறைவாக இருப்பவர்கள், ஒவ்வொரு விலங்குக்கும் முழு வரைபடம் போடாமல், 0.1 மில்லிமோலார் பிஇபியில் கிடைக்கும் வேகத்தை 5 மில்லிமோலாரில் கிடைக்கும் வேகத்தால் வகுத்து வரும் விகிதத்தை மட்டும் ஒப்பிடலாம். சாற்றின் அடர்த்தி, எடைபோடுவதில் வரும் பிழை ஆகியவை வகுத்தலில் அடிபட்டுப் போவதால், இந்த விகிதம் கிராமுக்கான அலகுகளைவிட நம்பகமானது. அளவீட்டை பி.எச். 7.4 இலும் 6.8 இலும் ஒருமுறை செய்து பார்ப்பதும் நல்லது. ஆக்சிஜன் இல்லாத சிப்பியின் செல் மெல்ல அமிலமாகிறது, அதுவும் நொதியின் பிடியைத் தளர்த்துகிறது.

ஏழாம் படி: காரணம் பாஸ்பேட்தானா?

நொதியின் நடத்தை மாறியதைக் காட்டுவது ஒன்று. அதற்குக் காரணம் பாஸ்பேட் ஏற்றம் என்று காட்டுவது வேறு. இதற்கு இரு பக்கச் சோதனை வேண்டும். முதலில், ஆக்சிஜன் இல்லாத சிப்பியின் சாற்றிலிருந்து ஃபுளோரைடையும் இடிடிஏவையும் உப்பு நீக்கும் குழலால் அகற்றி, மெக்னீசியம் சேர்த்து, ஆல்கலைன் பாஸ்படேஸுடன் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். நொதி காற்று நிலைக்கு ஒத்த நடத்தைக்குத் திரும்பினால் அது வலுவான சான்று. பாஸ்படேஸ் சேர்க்காமல் அதே நேரம் வைத்திருந்த சாறு கட்டுப்பாடாக இருக்க வேண்டும். சேர்த்த ஆல்கலைன் பாஸ்படேஸ் குவெட்டில் பிஇபியையும் உடைக்கும் என்பதால், அடினோசின் இருபாஸ்பேட் இல்லாத வெற்றளவு இங்கு முன்னைவிட இன்றியமையாதது. அதை மறந்தால் நொதி மீண்டுவிட்டதாகப் பொய்யான மகிழ்ச்சி கிடைக்கும்.

மறுபக்கம், காற்று நிலைச் சாற்றை மெக்னீசியம், அடினோசின் முப்பாஸ்பேட் ஆகியவற்றோடு வைத்து, திசுவிலேயே உள்ள கைனேஸ்களை வேலை செய்ய விட வேண்டும். இங்கு மெக்னீசியம் தேவைப்படுவதால் ஃபுளோரைடுக்குப் பதிலாக பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டைப் பாஸ்படேஸ் தடுப்பானாகப் பயன்படுத்துவது வசதி. ஒரு குழாயில் வளைய ஏஎம்பி, மற்றொன்றில் வளைய ஜிஎம்பி, மூன்றாவதில் இரண்டும் இல்லாமல் என்று அமைத்தால், எந்தச் சைகை கைனேஸை எழுப்புகிறது என்பதற்குக் குறிப்புக் கிடைக்கும். பாலூட்டியின் கல்லீரலில் இந்த வேலையை வளைய ஏஎம்பி செய்கிறது. பூசிகாட்டிபஸ் நத்தையிலோ வளைய ஜிஎம்பி தூண்டும் கைனேஸே பைருவேட் கைனேஸின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்று புரூக்ஸும் ஸ்டோரியும் 1990-இல் காட்டினர். உங்கள் சிப்பியில் எது என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன் சாற்றை மீண்டும் உப்பு நீக்குங்கள். முப்பாஸ்பேட்டே இந்த நொதியின் தடுப்பான் என்பதை நினைவில் கொள்க.

எண்களை எழுதும்போது

புள்ளியியலில் ஒரு விலங்கு ஒரு எண். ஒரே சாற்றை மூன்று குவெட்டுகளில் அளந்தால் அது மூன்று மாதிரிகள் ஆகாது. மூன்றின் சராசரியே அந்த விலங்கின் எண். குழுவுக்கு ஆறு முதல் எட்டு விலங்குகள் இருந்தால் பேசலாம். விகிதம் குறைந்திருப்பதைக் கண்டதும் பாதை முழுவதும் சக்சினேட்டுக்குத் திரும்பிவிட்டது என்று எழுதாதீர்கள். அதைச் சொல்ல, சக்சினேட்டையும் அலனினையும் அதே திசுக்களில் அளந்திருக்க வேண்டும். செவுளிலும் செரிமானச் சுரப்பியிலும் மூடுதசையில் கண்டதே நடக்கும் என்றும் கொள்ள முடியாது.

இந்தியக் கரைகளில் கிடைக்கும் பச்சை மசலான பெர்னா விரிடிஸில் இதைச் செய்ய விரும்புவோர், படிகளை மாற்ற வேண்டியதில்லை. அளவீட்டு வெப்பநிலையை அந்த விலங்கு வாழும் நீரின் வெப்பநிலைக்கு அருகில் வைத்து, பிஇபியின் செறிவு எல்லைகளை முன்னோட்டம் ஒன்றில் புதிதாகக் கண்டறிந்துகொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீரில் வாழும் சிப்பி ஆக்சிஜன் இன்மையைக் குளிர்நீர்ச் சிப்பியைப் போல அவ்வளவு நாள் தாங்காது. ஆகவே நேரப்புள்ளிகளைச் சுருக்கி 0, 3, 6, 12, 24 மணி என்று வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் இறந்தவற்றை எண்ணிக் குறித்துவிடுங்கள்.

மீட்சிக் குழு ஒன்றைத் தனியே ஒதுக்குங்கள். 24 மணி நேரம் ஆக்சிஜன் இல்லாமல் இருந்த சிப்பிகளைக் காற்றூட்டிய நீருக்கு மாற்றி, 1, 3, 6, 12 மணிக்கு உறையவையுங்கள். விகிதம் மறுபடி ஏறினால் நீங்கள் கண்டது மீளக்கூடிய கட்டுப்பாடு. ஏறாவிட்டால் நொதி சிதைந்திருக்கலாம், அல்லது சிப்பிகளே நலிந்திருக்கலாம். அந்த இரண்டில் எது என்று பார்க்க, 5 மில்லிமோலார் பிஇபியில் கிடைத்த உச்ச வேகத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள்: அதுவும் குறைந்திருந்தால் நொதியே இழக்கப்பட்டிருக்கிறது.